பாரம் ஏற்றிப் பார்த்தது

நாகர்கோவிலில் ஒரு வெப் ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் 2014இல் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "பள்ளிக்கூடத்து வெப்சைட், லாட்ஜ் புக்கிங், மீன் கம்பெனிக்காரங்க மெயில் எல்லாம் ஒரு ரூமுக்குள்ள ஓடிட்டு இருக்கு. அந்த ரூம் அணையாம பாத்துக்கணும்" என்பேன். "ஓ, கரண்ட் வேலையா?" என்பார்கள். ஆரம்பத்தில் இல்லை என்று விளக்கம் சொல்வேன். இப்போது ஆமாம் என்றுதான் சொல்கிறேன். பாதிக்கு மேல் அது கரண்ட் வேலைதான்.

அதை எனக்குப் புரியவைத்தது 2016 மே மாதத்து ஒரு சாயங்காலம். நல்ல இடி மழை. மெயின் கரண்ட் போனது. அப்படிப் போவது எங்களுக்குப் புதிதில்லை. யுபிஎஸ் உடனே தாங்கிக்கொள்ளும், பத்து விநாடியில் ஜெனரேட்டர் கிளம்பும், மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் தானாக மாறும், சர்வர்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்றும் அப்படியே நடந்தது. ஏழாவது நிமிடம் இன்ஜின் சத்தம் இறங்கியது, திக்கியது, நின்றுபோனது. பேட்டரியில் கால்மணி நேரம் தாங்கும் என்று கணக்கு. அதற்குள் எத்தனை சர்வரை முறையாக நிறுத்த முடியுமோ அத்தனையை நிறுத்தினோம். மற்றவை அப்படியே அணைந்தன. எல்லாம் திரும்ப வர இரண்டரை மணி நேரம் ஆனது. வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் கொடுத்திருந்த வாக்கு 99.9 சதவீதம். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம்தான் நிற்கலாம். அதில் கால் பங்குக்கும் மேல் ஒரே சாயங்காலத்தில் போய்விட்டது.

எனக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் அந்த ஜெனரேட்டரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து நோட்டில் டிக் போட்டவன் நான்.

மறுநாள் ஜெனரேட்டர் பார்க்கும் அண்ணாச்சி வந்தார். டேங்கின் அடியிலிருந்த டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே மஞ்சளாக டீசல், கீழே விரற்கடை உயரம் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே குளத்துப் பாசி மாதிரி பழுப்பாக ஒரு படலம். நம்மூர் ஈரக் காற்றுக்குப் பாதி நிறைந்த டேங்கின் உட்சுவரில் நீர் கோத்து அடியில் இறங்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளரும். சும்மா ஓடும்போது இன்ஜின் குடிப்பது கொஞ்சம்தான், ஃபில்டர் சமாளித்துவிடும். சர்வர்களின் பாரம் ஏறியதும் டீசல் அதிகமாக இழுபடும், அழுக்கும் கூடவே வந்து அடைக்கும்.

"எடே மக்களே, சும்மா ஓட்டுனா ஓடத்தான் செய்யும். பாரம் ஏத்திப் பாத்தியா?" என்று கேட்டார்.

இந்த வேலையில் எனக்கு யாரும் அதைவிடப் பெரிய பாடம் சொல்லித்தந்ததில்லை. அன்று முதல் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை 11 மணிக்கு நாங்களே மெயினை அணைக்கிறோம். ஒரு மணி நேரம் முழுப் பாரமும் ஜெனரேட்டரில் ஓட வேண்டும். முதலில் மேனேஜர் பயந்தார். "நாமளே போய் ஆபத்த வாங்கணுமா?" என்றார். வரட்டும் சார், நாம எல்லாரும் இருக்கும்போது வரட்டும் என்றேன். டேங்கை நிரப்பியே வைத்தோம், அடித்தண்ணீரை வாரம் ஒருமுறை வடித்தோம்.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கிப் புயல். அதைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. தென்னையும் வாழையும் ரப்பரும் சாய்ந்து ரோடுகள் அடைபட்டன. செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக மௌனமாயின. எங்களிடம் வந்த இரண்டு ஃபைபரில், கம்பத்தின் மேல் வந்தது அறுந்துபோனது. ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்குப் பூமிக்கடியில் போகும் இன்னொன்று அறுபடாமல் தாங்கியது. இரண்டு லைனும் ஒரே கம்பத்தில் வந்திருந்தால் இரண்டு வாங்கியதற்கே அர்த்தமில்லை.

எங்கள் பகுதிக்குக் கரண்ட் வர ஐந்து நாள் ஆனது. ஜெனரேட்டர் மணிக்கு 8 லிட்டர் குடிக்கும், டேங்கில் 300 லிட்டர். ஒன்றரை நாள்தான். சோதனை சர்வர்களை நிறுத்தினோம், ஒரு ஏசியை அணைத்தோம். சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்குக்குள் போகும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது பொதுவான வரையறை. வழக்கமாக 22இல் வைப்பவர்கள் அன்று 26இல் வைத்தோம். ஜெனரேட்டர் இருந்த பெட்ரோல் பங்குகளில் மட்டும் டீசல் கிடைத்தது. கேன்களைப் பைக்கில் கட்டி, விழுந்த மரங்களுக்கு இடையே தள்ளிக்கொண்டு வந்தோம். ஆயில் பார்க்கவும் ஃபில்டர் மாற்றவும் இன்ஜினை நிறுத்தித்தான் ஆக வேண்டும். தினமும் ஒருமுறை நிறுத்துவோம். அண்ணாச்சி ஃபில்டரைக் கழற்ற, நான் டார்ச் பிடித்தபடி நிமிடத்தை எண்ணுவேன். யுபிஎஸ் சுமக்கும். ஆறு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். சனிக்கிழமைகளில் பழகிய கை அது.

அந்த நாட்களில் எங்கள் சர்வரில் இருந்த ஒரு சின்னத் தளத்தைச் சொல்ல வேண்டும். தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றுடையது. அதுவரை திருவிழாப் படங்கள்தான் இருந்தன. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைப் புயலுக்கு அப்புறம் ஊர்க்காரர்கள் அதில் ஏற்றினார்கள். கரைசேர்ந்த செய்தி வந்தால் பெயருக்கு நேரே குறிப்பார்கள். துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் ஒரே பக்கத்தை ராத்திரி முழுக்க யாரோ திறந்து திறந்து பார்ப்பது, சர்வர் தானாக எழுதும் பதிவான லாகில் வரிவரியாக ஓடியது. எந்த சர்வரை அணைத்தாலும் அதை அணைக்கக் கூடாது என்று ரேக்கின் மேல் சிவப்பு டேப் ஒட்டினேன். அந்த டேப்பை இன்னும் எடுக்கவில்லை.

பேக்கப் விஷயத்திலும் இதே தவறைச் செய்தோம். 2019இல் ஒரு வாடிக்கையாளர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் எடுத்துத் தருகிறோம் என்று தைரியமாகச் சொன்னோம். தினமும் 'வெற்றி' என்றுதான் மெயில் வந்திருந்தது. திறந்தால் 19 நாளாக எல்லாக் கோப்பும் பூஜ்யம் பைட், வெறும் காலி. டிஸ்க் நிறைந்திருந்தது. பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் அதைப் பார்க்காமல் கடைசி வரியில் வெற்றி என்று எழுதிவிட்டது. 19 நாள் பில்களை அவர் காகிதத்திலிருந்து திரும்ப அடித்தார். இப்போது வாரம் ஒரு தளத்தைக் குலுக்கிப் போட்டு எடுத்து, தனி சர்வரில் முழுசாக மீட்டுப் பார்க்கிறோம். ஒரு பிரதியை இந்த மாவட்டத்துக்கு வெளியே வைத்திருக்கிறோம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

உப்புக் காற்று தனிக் கதை. வெளியே இருக்கும் ஏசி கண்டென்சரின் தகடுகளை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவாவிட்டால் சீக்கிரமே கை பட்டாலே உதிரும்.

பாதுகாப்பு என்றால் கைரேகைப் பூட்டும் கேமராவும்தான் எல்லோருக்கும் தோன்றும். அதெல்லாம் வேண்டியதுதான். லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தங்களிடம் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022இல் உத்தரவும் போட்டது. ஆனால் எனக்குப் பயம் போனில்தான். "அண்ணே, நான் அந்தக் கடைக்காரருக்கத் தம்பி, அவிய ஆஸ்பத்திரில இருக்காவ, பாஸ்வேர்ட மாத்தித் தாங்க" என்று நம்மூர்ப் பேச்சிலேயே கேட்கும்போது மனசு இளகும். இளகினாலும், பதிவான நம்பருக்குத் திரும்பக் கூப்பிடாமல் மாற்றுவதில்லை. அவர் உண்மையிலேயே தம்பியாக இருந்து, கோபித்துக்கொண்டு போனதும் உண்டு. அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்வதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை, சேர்ந்து இரண்டு மாதமான பெண்ணிடம் மெயின் சுவிட்சைக் காட்டினேன். கை வைத்துவிட்டு, "அண்ணே, ஏதாச்சும் ஆயிட்டா?" என்றாள். பரவாயில்லை, அணை என்றேன். யுபிஎஸ்கள் ஒன்றாகக் கூவின. வெளியே இன்ஜின் கிளம்பியது. அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது, இருந்தாலும் வந்திருந்தார். இன்ஜின் பக்கத்தில் நின்று, பாரம் ஏறும் சத்தத்தைத் தலைசாய்த்துக் கேட்டார். ஏழாவது நிமிடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் நோட்டைத் திறந்து நேரத்தை எழுதிக்கொண்டிருந்தாள். டிக் போடவில்லை, எத்தனை விநாடியில் மாறியது, எவ்வளவு ஆம்பியர், ஃபில்டரில் எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் எண்ணாகவே எழுதினாள்.