அமெரிக்கக் கல்லூரிகளில் நிதியுதவி: பட்டியல் போடுமுன் பார்க்க வேண்டிய எண்கள்

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு முதன்முறை விண்ணப்பித்தபோது, சர்வதேச மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு என்று அறிவித்திருந்த கல்லூரிகளையெல்லாம் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். அவற்றுள் ஒன்று எனக்கு இடம் தந்து, ஆண்டுக்கு 18,000 டாலர் உதவித்தொகையும் வழங்கியது. ஆனால் அங்கே ஓராண்டுக்கான மொத்தச் செலவு 70,000 டாலர். மீதி 52,000 டாலருக்கு வங்கிச் சான்று காட்டினால்தான் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைத் தர முடியும் என்றார்கள். எங்கள் குடும்பத்தால் அது இயலவில்லை. அந்த ஓராண்டை இழந்தேன்.

உதவித்தொகை உண்டா என்பதை விட, எத்தனை பேருக்கு, எவ்வளவு என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்பது அதன் பிறகுதான் புரிந்தது. அதற்கான விடை, பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' (Common Data Set) என்ற புள்ளிவிவர ஆவணத்தில் இருக்கிறது. கல்லூரியின் பெயரோடு இச்சொற்களைச் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் எச்6 (H6) என்ற பகுதி, வெளிநாட்டு மாணவர்களுள் எத்தனை பேருக்குக் கல்லூரி தன் நிதியிலிருந்து உதவியது, சராசரியாக ஒருவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைச் சொல்லும். பி2 (B2) பகுதியில் வெளிநாட்டு மாணவர்களின் மொத்த எண்ணிக்கை இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 150 பேரில் 120 பேருக்குச் சராசரி 15,000 டாலர் தரும் கல்லூரி தாராளமானதாகத் தோன்றும். ஆனால் செலவில் பெரும்பகுதிக்கு வழியில்லாதவருக்கு அது பயன்படாது. 200 பேரில் 40 பேருக்கு மட்டும் சராசரி 60,000 டாலர் தரும் கல்லூரியில் போட்டி கடுமையாக இருக்கும், இடம் கிடைத்தால் படித்து முடிக்கலாம். நான் இரண்டாம் வகையைத்தான் தேடினேன்.

வெளிநாட்டு மாணவரின் பொருளாதார நிலையைப் பாராமல் தேர்வு செய்து, தேவைப்படும் தொகை (மொத்தச் செலவில் குடும்பத்தால் கட்ட இயலாத பகுதி) முழுவதையும் தரும் கல்லூரிகள் மிகச் சில. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவற்றோடு 2022இல் டார்ட்மவுத்தும் போடினும் சேர்ந்தன. இவற்றில் இடம் பெறுவது எவ்வளவு கடினம் என்பது தெரிந்ததே. பட்டியல் முழுவதையும் இவற்றால் நிரப்பிவிடக் கூடாது. உதவி கேட்பதைத் தேர்வில் கணக்கில் கொண்டாலும், சேர்த்துக்கொண்டவரின் தேவையை முழுமையாக ஈடுசெய்யும் கல்லூரிகள் இன்னும் பல உள்ளன. அவற்றுள் பல, இளநிலைப் படிப்புக்கே முதன்மை தரும் சிறிய தனியார் கல்லூரிகள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தேவை அடிப்படையிலான உதவியை வெளிநாட்டவருக்குத் தருவதில்லை; அமெரிக்கக் கூட்டரசின் மாணவர் உதவியும் மாணவர் விசாவில் வருவோருக்குக் கிடையாது.

விண்ணப்பத்தில் நிதியுதவி வேண்டுமா என்ற கேள்விக்கு, வாய்ப்புக் கூடும் என்று எண்ணி 'இல்லை' எனக் குறிக்க எனக்கும் ஆசை வந்தது. அதைச் செய்யாதீர்கள். முதலாண்டில் கேட்காதவர் பின்னர் கேட்கவே முடியாது என்பது பல கல்லூரிகளில் விதி. நான் ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கும் ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினேன்: "சேர்த்துக்கொள்ளும் வெளிநாட்டு மாணவரின் நிதித் தேவையை நான்கு ஆண்டுகளுக்கும் முழுமையாக ஈடுசெய்வீர்களா?" 'ஆம்' என்று நேராக எழுதியவர்களை வைத்துக்கொண்டேன், சுற்றி வளைத்தவர்களை நீக்கினேன்.

பெற்றோரின் வருமானச் சான்றுகளை முன்கூட்டியே திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்பும் எடுத்து வையுங்கள். குடும்பத்தின் நிதிநிலையைத் தெரிவிக்கப் பல கல்லூரிகள் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் (CSS Profile) என்ற இணையப் படிவத்துக்குக் கட்டணம் உண்டு. அது சுமையாக இருந்தால், விலக்கோ கட்டணமில்லாத மாற்றுப் படிவமோ உண்டா என்று கல்லூரியிடமே கேட்கலாம்.

உதவிக் கடிதம் வந்ததும் மொத்தத் தொகையோடு நின்றுவிடாதீர்கள். அதில் எவ்வளவு மானியம், எவ்வளவு கடன், எவ்வளவு வளாகப் பணியில் நாமே ஈட்ட வேண்டியது என்று பிரித்துப் பாருங்கள். மருத்துவக் காப்பீடும் பயணச் செலவும் அடங்குமா என்றும், கட்டணம் உயரும் ஆண்டுகளில் உதவியும் உயருமா என்றும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எனக்கு அந்தப் பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. அதைப் படித்துப் பார்த்த பிறகே அப்பா நிதிச் சான்றில் கையெழுத்திட்டார்.