எட்டுக்கும் பதினொன்றுக்கும் ஒரே காசு

லண்டனில் ஒரு சிறிய தொண்டு அமைப்பின் ஆலோசனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். நோய், இயலாமைக்கு அரசு தரும் காசு பற்றி மண்ணிற உறையில் வந்த முடிவுக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்பார்கள்: "அப்பீல் பண்ணினால் வெல்லுவமோ?" நான் உடனே பதில் சொல்வதில்லை. தோற்றால் கையில் இருப்பதில் எவ்வளவு போகும் என்று பார்த்த பிறகுதான் வெல்லுவோமா என்ற பேச்சுக்கே வருவேன். சிலருக்கு இது எரிச்சல். உதவி கேட்டு வந்தால் இவன் பயம் காட்டுகிறானே என்று நினைப்பார்கள்.

பிப் என்று எல்லோரும் சொல்லும் பர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமென்ட்தான் அந்தக் காசு. அது 2013இல் வந்தது. வேலைக்குப் போகிறவரும் வாங்கலாம், சேமிப்பு இருந்தாலும் தடையில்லை. ஆனால் இதில் நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது. அதை விளங்கவைப்பதற்குள் எனக்குப் பாதித் தெம்பு போய்விடும். ஆஸ்பத்திரிக் கடிதங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டு வருவார்கள். என்ன நோய், என்ன மருந்து, அடுத்து எப்போது வரவேண்டும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். சட்டியைத் தூக்க முடிகிறதா, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்று எந்த நிபுணரும் எழுதியிருக்க மாட்டார். புள்ளியோ அங்கேதான் இருக்கிறது. சமைப்பது, சாப்பிடுவது, மருந்து எடுப்பது, குளிப்பது, உடுப்பது என்று அன்றாட வாழ்வுக்கு 10 செயல்கள், நடமாட்டத்துக்கு 2. ஒரு பகுதியில் 8 புள்ளி வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடிய தொகை. 7 வந்தால் ஒன்றுமில்லை. 8 எடுத்தவருக்கும் 11 எடுத்தவருக்கும் ஒரே காசு. (ஸ்கொட்லாந்தில் இதற்குப் பதிலாக வேறு கொடுப்பனவு, வேறு விதிகள். நான் சொல்வது இங்கிலாந்துக் கதை.)

பூஜ்ஜியம் எடுத்தவர்களுக்கு முடிவெடுப்பது சுலபம். இழக்க ஒன்றுமில்லை. கிடங்கில் வேலை செய்து நுரையீரல் கெட்டுப்போன ஒரு அண்ணை வந்தார். மதிப்பீட்டில் "பஸ் தரிப்பு வரைக்கும் நடப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஓம்" என்றிருக்கிறார். அவ்வளவுதான், 200 மீட்டருக்கு மேல் நடப்பார் என்று அறிக்கையில் ஏறிவிட்டது. வழியில் இரண்டு இடத்தில் மதிலில் குந்தியிருந்து மூச்சு வாங்குவதை அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. சட்டம் சொல்வது என்னவென்றால், ஒரு செயலை ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவைப்படும் போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் அது செய்ய முடிந்ததாகக் கணக்கு. சாதாரண ஆள் எடுக்கும் நேரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனால் அது நியாயமான நேரம் இல்லை. இந்த ஒரு விதியை வைத்தே பாதி வழக்குகளை எழுதிவிடலாம் என்பது என் எண்ணம்.

அந்த அண்ணைக்கு நாங்கள் முதலில் மறுபரிசீலனை கேட்டோம். அப்பீலை விசாரிக்கும் ட்ரிபியூனலுக்கு நேரே போக முடியாது, இந்தப் படியைக் கடந்தே ஆகவேண்டும். முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் 13 மாதம் வரை பிந்தியும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது. சில வாரங்களில் பதில் வந்தது: மாற்றமில்லை. அண்ணை கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "ரெண்டு தரம் சொல்லிட்டினம் தம்பி. இனி என்ன?"

ஆட்கள் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். என் வேலையில் எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல் தரும் இடமும் இதுதான். மறுபரிசீலனை செய்வது முதல் முடிவை எடுத்த அதே அரசுத் துறை. ட்ரிபியூனல் அப்படியல்ல. துறையைச் சேராத ஒரு நீதிபதி, ஒரு டொக்டர், இயலாமை பற்றி அனுபவமுள்ள இன்னொருவர் என்று மூன்று பேர் இருப்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே தருவார்கள். அங்கே விசாரணைக்குப் போகும் பிப் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை விண்ணப்பித்தவருக்குச் சாதகமாகவே முடிகின்றன. இரண்டாவது மறுப்புக் கடிதத்தைக் கடைசித் தீர்ப்பு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுபவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அண்ணையைக் கொஞ்சம் வற்புறுத்தித்தான் அனுப்பினேன். மாதக்கணக்கில் காத்திருந்தார், வென்றார். பின்காசும் சேர்ந்து வந்தது.

சரி, இனிக் கடினமான கதைக்கு வருகிறேன். கொஞ்சம் கையில் கிடைத்தவர்களின் கதை.

முடக்குவாதம் உள்ள ஒரு அக்கா, வயது ஐம்பதுக்கு மேல். கூடவே மகனும் வந்திருந்தான். அவருக்கு அன்றாட வாழ்வில் சரியாக 8 புள்ளி போட்டிருந்தார்கள். சமையலுக்கு 2, குளிப்பதற்கு 2, கழிப்பறைக்கு 2, உடுப்பதற்கு 2. மகனுக்குக் கோபம். "அம்மாவால ஒரு போத்தல் மூடி திறக்க ஏலாது. எப்பிடி 8 போடலாம்?" அக்கா அவன் கையைப் பிடித்து அமத்திக்கொண்டிருந்தார்.

மதிப்பீட்டு அறிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அனேகமாக யாரிடமும் இருப்பதில்லை. தொலைபேசியில் கேட்டாலே அனுப்புவார்கள், காசும் இல்லை, கேட்பதால் முடிவை எதிர்ப்பதாகவும் ஆகாது. பூஜ்ஜியம் எடுத்தவர்களுக்கு நான் முதல் நாளே மறுபரிசீலனை கேட்டு வைத்துவிடுவேன். ஏதாவது கிடைத்தவர்களுக்கு அறிக்கையைப் பார்க்காமல் எதையும் கேட்கமாட்டேன். கேட்பது ஒரு வரியைப் பற்றியதாக இருந்தாலும் முழு முடிவையும் திரும்பப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. கூடலாம், அப்படியே இருக்கலாம், குறையவும் செய்யலாம்.

அறிக்கை வந்த பிறகு மூன்று பேரும் இருந்து ஒவ்வொரு செயலாகப் பார்த்தோம். சமையலில் 2 புள்ளி தந்தது கருவி வைத்துச் சமாளிப்பார் என்று. வீட்டில் நடப்பது வேறு. மரக்கறி வெட்டுவது கணவர், சோற்றுச் சட்டியை இறக்குவதும் அவர்தான். அக்கா பக்கத்தில் நின்று உப்புப் புளி சொல்வார். இன்னொருவரின் உதவி வேண்டும் என்றால் அதற்கு 4. குளியலறையில் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க ஒரு ஆள் கையைப் பிடிக்க வேண்டும், அதற்கு 3. ஆக 4, 3, 2, 2. கூட்டினால் 11. மகன் முகம் மலர்ந்தது. 11க்கும் காசு அதேதான் என்று சொன்னதும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

ஒரு புள்ளி தேவை. மாத்திரைகளை எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு கணவர் ஒரு வாரத்து மாத்திரைகளைத் தகட்டிலிருந்து தள்ளி எடுத்து, ஏழு அறை உள்ள பெட்டியில் போட்டு வைப்பாராம். அந்தப் பெட்டியின் மூடி இறுக்கம் என்பதால் காலையில் அதைத் திறந்து கொடுப்பதும் அவர்தான். அக்கா இதைப் படிவத்தில் எழுதவே இல்லை. "இதையெல்லாமா எழுதுறது?" மருந்து எடுப்பதற்கு உதவி தேவை என்றால் 1 புள்ளி. மொத்தம் 12.

இத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அறிக்கையின் கழிப்பறைப் பகுதியை நான் இன்னொரு தடவை வாசித்தேன். சுவரில் உள்ள கைப்பிடியைப் பிடித்து எழும்புவதாகச் சொன்னதற்கு 2 புள்ளி தந்திருந்தார்கள். அந்தக் கைப்பிடி முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. ஒவ்வொரு முறையும் அது வேண்டுமா என்று கேட்டேன். "முழங்கால் வீங்கின நாளில வேணும். ஊசி போட்டால் கொஞ்ச நாளைக்குத் தேவையில்லை." ஒரு செயலில் புள்ளி தங்க வேண்டுமென்றால் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அந்தக் கஷ்டம் இருக்க வேண்டும். கவனமான ஒரு டொக்டர் இதைத் தோண்டினால் அந்த 2 போகலாம். நாங்கள் கேட்கும் புள்ளிகளும் கிடைக்காமல் அதுவும் போனால் 6. 6 என்றால் எதுவுமே இல்லை.

கடதாசியில் எழுதிக் காட்டினேன். 2025-26 நிதியாண்டில் அன்றாட வாழ்வுக்கான சாதாரணத் தொகை கிழமைக்கு 73.90 பவுண், கூடியது 110.40. வென்றால் கிழமைக்கு 36.50 கூடும். தோற்றால் 73.90 மட்டும் போகாது. மனைவியைப் பார்த்துக்கொள்வதற்காகக் கணவர் வாங்கும் கேரர்ஸ் அலவன்ஸ் அக்காவின் பிப்பில்தான் தொங்குகிறது. அது 83.30. இரண்டும் சேர்ந்து 157.20.

"இவருக்கு வாற காசும் நிண்டிடும் எல்லோ?" என்று அக்கா கேட்டார். மகன் ஒன்றும் பேசவில்லை.

பறிக்க வாய்ப்பு எவ்வளவு? என் கணிப்பில் குறைவு. ட்ரிபியூனலில் இருப்பதைக் குறைக்க நினைத்தால் பொதுவாக முன்கூட்டியே எச்சரித்து, வேண்டுமானால் விலகிக்கொள்ள இடம் தருவார்கள். மறுபரிசீலனைப் படியில் அப்படி ஒரு எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. இதையும் சொன்னேன். முடிவு உங்களுடையது என்று சொல்லிக் கையை விரிப்பதுதான் எங்கள் தொழிலில் பாதுகாப்பான வழி, அது எனக்குப் பிடிப்பதில்லை. இத்தனை கோப்புகளைப் பார்த்த ஒருவனிடம் வந்து கேட்பவருக்கு ஒரு அபிப்பிராயமாவது கிடைக்க வேண்டும். அதனால் நான் போயிருப்பேன் என்று சொன்னேன். ஆனால் எனக்கு அந்த 157 பவுணை நம்பி வாடகை கட்ட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நியாயம் வேண்டும். பொய்யாக ஒரு வரி எழுதியிருந்தால் அதைத் திருத்தியே ஆகவேண்டும் என்று நிற்பார்கள். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பெற்றோருக்கு, இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போவானேன் என்ற யோசனை. மேசையின் இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் தெரியும். சண்டை பிடிப்பது போல் பேசிக்கொள்வார்கள், பிறகு ஒரே பஸ்ஸில் ஏறிப் போவார்கள்.

ஒரு மாதக் கெடு முடிவதற்கு முந்தைய கிழமை அக்கா தனியே வந்தார். வேண்டாம் என்றார். பவுண் கணக்கைத்தான் யோசித்திருப்பார் என்று நினைத்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "மூண்டு பேருக்கு முன்னால இருந்து நான் குளிக்கிற கதை, கக்கூசுக்குப் போற கதை கதைக்கோணும். மொழிபெயர்க்க வாற பிள்ளையும் எங்கட ஊராயிருந்தால்? அந்தக் காசு எனக்கு வேண்டாம் தம்பி." நான் போட்ட எந்தக் கூட்டல் கழித்தலிலும் இது இல்லை. மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஒன்றை மட்டும் சொன்னேன். சும்மா இருந்தாலும் அந்தக் கழிப்பறைப் புள்ளி பத்திரம் என்றில்லை. ரிவியூ படிவம் ஒருநாள் வரும், அப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பார்கள். அதற்குள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும். கவுன்சிலிடம் கேட்டால், வீட்டு வேலைகளை ஆள் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கும் ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை அனுப்புவார்கள், அவர் வந்து பார்த்து எழுதுவது டொக்டரின் கடிதத்தைவிட உதவும். அக்காவுக்கு அந்த யோசனை பிடித்தது, வீட்டுக்கு வருகிறவரோடு கதைப்பதில் வெட்கமில்லையாம். அங்கேயே இருந்து விண்ணப்பத்தை நிரப்பினோம்.

தெரபிஸ்ட் போய்ப் பார்த்து நன்றாகவே எழுதியிருந்தார். சமையல், மாத்திரைப் பெட்டி, குளியல் எல்லாம் விவரமாக இருந்தது. கூடவே குளியல் தொட்டியின் குறுக்கே போடுகிற பலகை ஒன்றும் வந்து சேர்ந்தது. இப்போது அக்கா அதில் இருந்து, காலைத் திருப்பி, ஒருவரும் பிடிக்காமல் தானே உள்ளே போகிறார். அதனால் குளிப்பதற்கு என் கணக்கில் இருந்த 3 புள்ளி 2 ஆகிவிட்டது. மகன் தொலைபேசியில் கேட்டான், இப்ப எத்தனை என்று. 11 என்றேன். பின்னால் அக்கா, அவனை வைக்கச் சொல்லிக் கத்துவது கேட்டது. ஆள் தனியாகக் குளிக்கப் போகிற அவசரத்தில் இருந்தார்.