பழைய ஏர் பிஸ்டல், ஆறு டப்பா பெல்லட்: சீசனுக்கு முன் செய்து பார்த்தவை

பிஸ்டல்: 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல். கழற்றி மாட்டும் காற்றுச் சிலிண்டர், 200 பார் (பார் என்பது அழுத்த அளவு). மெக்கானிக்கல் ட்ரிகர், செகண்ட் ஹேண்ட். பெல்லட் (ஈயக் குண்டு): மூக்கு தட்டையான மேட்ச் வகை, டப்பாவுக்கு 500.

புகார் இரண்டு. கொஞ்ச நேரம் கையைத் தாழ்த்தி இளைப்பாறிவிட்டுச் சுட்டால் முதல் குண்டு மேலே ஏறுகிறது. அது போக, நல்ல பத்துகளுக்கு (பத்து என்பது டார்கெட்டின் நடு வளையம்) நடுவே காரணமே தெரியாமல் ஓர் எட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை அன்றே நோட்டில் எழுதுவது என்று வைத்துக்கொண்டு தொடங்கியது.

சிலிண்டர்

முதலில் தேதி. சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டிலிருந்து அதிகபட்சம் பத்து ஆண்டு. கடந்துவிட்டால் பார்க்கப் புதிதாக இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். போட்டியில் பார்ப்பார்கள் என்பது ஒரு பக்கம், 200 பார் காற்று முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது பெரிய பக்கம்.

கசிவைப் பிடிக்க மீட்டர் முள்ளை நம்பிப் பயனில்லை. சின்ன மீட்டரில் 10 பார் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எடை போட்டுப் பார்ப்பது நல்லது. 100 மி.லி. சிலிண்டரில் 200 பார் என்றால் உள்ளே சுமார் 20 லிட்டர் காற்று, எடையில் ஏறக்குறைய 24 கிராம். அப்படியானால் 10 பார் குறைந்தால் 1.2 கிராம் குறையும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 500 கிராம் பாக்கெட் தராசு போதும். ராத்திரி ஒரு எடை, காலையில் ஒரு எடை. முதலில் பிஸ்டலிலிருந்து கழற்றிய சிலிண்டரை மட்டும் வைத்துப் பார்த்தோம்: எடை மாறவில்லை. அடுத்த ராத்திரி பிஸ்டலில் மாட்டியே விட்டு, காலையில் கழற்றி எடை போட்டால் 2 கிராம் குறைவு. கழற்றும்போது வீணாகும் காற்றின் எடையைத் தனியாகப் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆக, சிலிண்டர் வால்வு நன்றாக இருக்கிறது. கசிவது இணைப்பில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்). அதே அளவு, அதே கெட்டி உள்ள ஓ-ரிங் போட்டு, சிலிக்கான் கிரீஸ் விரல் நுனியில் ஒட்டும் அளவுக்கு மட்டும் தடவியதும் கசிவு நின்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாதாரண எண்ணெய், பெட்ரோலியம் கிரீஸ் எதுவும் உயர் அழுத்தக் காற்று ஓடும் பாதையில் போகக் கூடாது. டீசல் இன்ஜினில் நடப்பதுபோல அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். கழற்றிய சிலிண்டரிலேயே எடை குறைந்தால் அது வால்வு வேலை. வீட்டில் திறக்க வேண்டாம்.

நிரப்பும்போது மெதுவாக, அரை நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி மீட்டரில் 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். ஆறவிட்டு மீண்டும் தொட்டு நிரப்பலாம். 300 பார் டேங்கிலிருந்து எடுப்பவர்கள் டேங்க் வால்விலிருந்து கையை எடுக்கவே கூடாது.

வேகம்: மேலே ஏறும் முதல் குண்டு

குழல் முனையில் மாட்டும் சின்ன குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தது. 40 வினாடிக்கு ஒன்று என்று சுட்டால் விநாடிக்கு 148 முதல் 150 மீட்டர், ஒழுங்காக இருக்கிறது. பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டுச் சுட்டால் முதல் குண்டு 158. அடுத்தது மறுபடி 149.

இது ரெகுலேட்டர் மெல்ல ஊர்வது. சிலிண்டரின் 200 பாரைக் குறைத்து அளவறைக்கு (ஒரு குண்டுக்கு வேண்டிய காற்று தங்கும் அறை) அனுப்பும் ரெகுலேட்டர், அளவு வந்ததும் முழுவதும் மூட வேண்டும். அதன் இருக்கையில் (வால்வு படிந்து மூடும் இடம்) அழுக்கோ தேய்மானமோ இருந்தால் துளித்துளியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். ஓய்வு நீள நீள அறையில் அழுத்தம் ஏறும்.

எவ்வளவு பாதிக்கும் என்பதையும் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 150 மீட்டரில் போகும் பெல்லட் 10 மீட்டருக்குள் சுமார் 22 மி.மீ. தாழும், 140-இல் போனால் 25 மி.மீ. அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. உயர வித்தியாசம். விளிம்பில் இருக்கும் பத்தை ஒன்பதாக்க இது போதும். ஆனால் எட்டு இதனால் வராது. 1, 2 மீட்டர் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கவலைப்படுபவர்களுக்கு: அது அரை மி.மீ. சமாச்சாரம்.

ரெகுலேட்டரைத் திறந்து இருக்கையை மாற்றியது சர்வீஸ் தெரிந்தவர். உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருந்தது. ஈரம் செய்த வேலை. கடலோர ஊர்களில் கைப்பம்பு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 30 டிகிரியில், ஈரம் நிறைந்த காற்றில் கன மீட்டருக்கு 30 கிராம் தண்ணீர் இருக்கும். 100-இலிருந்து 200 பாருக்கு ஒரு சிலிண்டரை ஏற்ற 10 லிட்டர் காற்று இழுக்கிறோம், அதில் 0.3 கிராம் வரை தண்ணீர். ஒரு தடவைக்கு ஐந்தாறு சொட்டு. தினமும் ஐந்தாறு சொட்டு! பம்பின் உலர்த்தியில் இருக்கும் சிலிகா ஜெல் நிறம் மாறிவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். பம்படிக்கும்போது நடுநடுவே நிறுத்தி, ஈரத்தை வெளியேற்றும் திருகைத் திறந்துவிடவும். டைவிங் கடையில் உலர்ந்த காற்று கிடைக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாடே இல்லை.

ரெகுலேட்டர் சரியாகும் வரை, ஓய்வுக்குப் பிறகு பெல்லட் இல்லாமல் ஒரு தடவை காற்றை விட்டுவிட்டுச் சுடும் வழக்கம் சிலரிடம் உண்டு. பயிற்சியில் சரி. போட்டி ஓடும்போது செய்தால் எச்சரிக்கை, திரும்பச் செய்தால் புள்ளி போகும்.

பெல்லட் தேர்வு

கைப்பிடியைக் கழற்றிவிட்டு, ஃப்ரேமை ரப்பர் வைத்த வைஸில் பிடித்தது. குழலையோ சிலிண்டரையோ வைஸில் பிடிக்கக் கூடாது. பெல்லட் மாற்றியதும் முதல் பத்து குண்டு கணக்கில் இல்லை. புது ஈயம் குழலில் படிய அவ்வளவு வேண்டும். பிறகு ஐந்து குண்டு க்ரூப்கள் (ஒரே குறியில் சுட்ட ஓட்டைக் கூட்டங்கள்) ஐந்து. முதலாம் வகையில் ஒரு க்ரூப், அடுத்து இரண்டாம் வகை என்று சுற்றிச் சுற்றி வருவதுதான் நியாயம் என்றாலும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து பெல்லட் தெண்டம் என்பதால் வகை வகையாகவே முடித்து, கடைசியில் முதல் வகையை மறுபடி ஒரு க்ரூப் சுட்டுச் சரிபார்த்தது. ஒரே ஓட்டைபோல வந்த ஒரு க்ரூப்பைப் படம் எடுத்து மகிழ்வது வேறு, பெல்லட்டைத் தேர்வு செய்வது வேறு.

ஓட்டைகளின் வெளி விளிம்புக்கு விளிம்பு அளந்து 4.5 மி.மீ. கழித்தால் மையத்துக்கு மையம் தூரம் கிடைக்கும். அட்டை மேட்ச் டார்கெட் அட்டையாக இருக்க வேண்டும். சாதாரணத் தாள் கிழிந்து அளவைப் பொய்யாக்கும்.

ஐந்து க்ரூப் சராசரி (4.49, 4.50 என்பவை பெல்லட் தலையின் விட்டம், மி.மீ.): 4.49 தலை 1.9 மி.மீ.; 4.50 தலை 1.6, வேறொரு பேட்ச் 4.50 தலை 2.8, விலை குறைந்த பயிற்சி பெல்லட் 3.5.

கவனிக்க வேண்டியது, ஒரே 4.50-இலேயே பேட்ச் மாறினால் வித்தியாசம். டப்பாவின் மேல் உள்ள அளவை மட்டும் சொல்லி வாங்காமல் பேட்ச் எண்ணையும் குறித்து, பிடித்தது கிடைத்தால் சீசனுக்குச் சேர்த்து வாங்கிவிடுவது லாபம்.

இந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம்? பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட் கோட்டைத் தொட்டாலே பத்து. ஆகவே பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். 1.6-க்கும் 2.8-க்கும் உள்ள வித்தியாசம் மையத்திலிருந்து அரை மி.மீ. சொச்சம். முழு எண்ணில் கணக்கிடும் தகுதிச் சுற்றில் அறுபது குண்டுக்கு ஒன்றிரண்டு புள்ளி மாறலாம். தசமத்தில் எண்ணும் ஃபைனலில் 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ., அங்கே இன்னும் கொஞ்சம் தெரியும். ஒரு குண்டை எட்டுக்குள் தள்ள மையம் 16 மி.மீ.க்கு மேல் விலக வேண்டும். எந்த டப்பாவும் அதைச் செய்யாது. பயிற்சி பெல்லட்டிலேயே பாதி நாள் சுடலாம் என்பது எங்கள் கணக்கு.

பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்பகுதி) நசுங்கியதை மட்டும் விடக் கூடாது. கண்ணாடித் தட்டில் உருட்டினால் நல்ல பெல்லட் வளைந்து சீராக உருளும், நசுங்கியது தள்ளாடும். கீழே விழுந்ததை எடுத்துப் போடாதீர்கள். குழலில் விரலால் முழுவதும் அமுக்காமல் மூடினால் ஓரம் கடிபடும், சுடும் சத்தமே மாறிக் கேட்கும்.

அந்த எட்டு

வைஸில் வராத எட்டு கையில் வருகிறது என்றால், கைக்கும் பிஸ்டலுக்கும் நடுவே இருப்பது கைப்பிடி. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் (குறி பார்க்கும் முனைகள்) இடையே 340 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், முன் சைட் அரை மி.மீ. நகர்ந்தால் டார்கெட்டில் 15 மி.மீ. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஃப்ரேமை அசைத்தால் கண்ணுக்குத் தெரியாது. கட்டை விரலை இரண்டும் சேரும் கோட்டில் வைத்தால் லேசான ஆட்டம் தெரிந்தது. கைப்பிடித் திருகு தளர்ந்திருந்தது. ட்ரிகர் விழும் கணத்தில் விரல்கள் இறுகும்போது முழு பிஸ்டலும் ஒரு மயிரிழை திரும்புகிறது.

இறுக்கிவிட்டு, திருகுத் தலையிலிருந்து ஃப்ரேம் வரை நெயில் பாலிஷில் ஒரு கோடு. கோடு விலகினால் திருகு நகர்ந்தது என்று அர்த்தம். உள்ளங்கைக் குழியில் இருந்த இடைவெளிக்கு எம்-சீல் வைத்து, கை அச்சு எடுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் இழைத்தது. ஒரு தடவைக்கு ஒரு மி.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டாம். வியர்வையில் கை உப்பும் மத்தியான நேரத்தில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். அதற்குப் பின் இரண்டு டப்பா ஓடியிருக்கிறது. எட்டு வராமல் இல்லை, ஆனால் வரும்போது சைட் எங்கே இருந்தது என்று கண் முன்பே சொல்லிவிடுகிறது.

ட்ரிகர்

ட்ரிகர் இழுப்பு எடை குறைந்தபட்சம் 500 கிராம். பிஸ்டலை, காற்று ஏற்றிய நிலையில், குழல் மேல்நோக்கி இருக்க, கீழே கிடக்கும் எடையை ட்ரிகரால் தூக்க வேண்டும். மூன்று முயற்சி. சரியாக 500-இல் வைப்பவர்கள் சோதனை மேசையில் மாட்டிக்கொள்வார்கள். 515 அளவில் வைத்தது. ட்ரிகர் நாக்கை முன்னே பின்னே நகர்த்தினாலும் நெம்பு தூரம் மாறி எடை மாறும், ஆகவே நாக்கை வைக்க வேண்டிய இடத்தில் வைத்த பிறகே எடையைத் தொட வேண்டும். இழுப்பின் முதல் கட்டத்துக்கு 400 கிராம், மீதி குண்டை விடும் இரண்டாம் கட்டத்துக்கு. எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பசையாகி எடை நாளுக்கு நாள் மாறும்.

துடைப்பது

ஒரு டப்பா முடிந்ததும் குழலுக்கு ஃபெல்ட் (கம்பளி அடைப்பு). நைலான் நூலில் கோர்த்து, பெல்லட் போடும் பக்கத்திலிருந்து முனைப் பக்கம் இழுப்பது. முதல் ஃபெல்ட்டில் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய், பிறகு உலர்ந்தவை, கறுப்பு நிற்கும் வரை. பித்தளை பிரஷ் வேண்டாம். துடைத்தபின் முதல் பதினைந்து குண்டு அலையும். போட்டிக்கு முந்தின ராத்திரி துடைக்காததற்குக் காரணம் அதுதான்.

பெட்டியின் ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ரேஞ்சிலிருந்து வந்ததும் பிஸ்டலை வெளியே எடுத்து வியர்வை பட்ட இடமெல்லாம் துடைத்து, பெட்டியைத் திறந்தே வைப்பது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ.

பையில்

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாக்கருக்கு நடுவிலேயே பிஸ்டல் பழுதாகிப் பல நிமிடங்கள் போயின. 575 எடுத்து 12-ஆம் இடம்; ஃபைனலுக்கு 577 தேவைப்பட்டது. 60 குண்டுக்கு 75 நிமிடம் என்ற கணக்கில் ரிப்பேர் நேரம் எங்கே கிடைக்கும்? ஆகவே பையில் இருக்க வேண்டியவை: நெம்புகோலின் பின் (மாட்டும் ஊசி), திருகுகள், இணைப்பு ஓ-ரிங் இரண்டு, அளவான ஆலன் சாவிகள், நிரப்பிய இரண்டாவது சிலிண்டர். போன வாரம் பையைத் திறந்து பார்த்தபோது ஆலன் சாவிக் கொத்தில் கைப்பிடித் திருகுக்கு வேண்டியது மட்டும் இல்லை, அது வைஸ் பக்கத்திலேயே கிடந்தது.