பால்குடி மறந்த பிறகும் சப்பிய குட்டி

பூனைக்குட்டிகள் இரண்டும் வீட்டுக்கு வந்தபோது, பல்லைப் பார்த்துவிட்டு மருத்துவர் 5 வாரம் இருக்கும் என்றார். தாய் இல்லை. பூனைக்குட்டி 4 வாரத்தில் திட உணவைத் தொட ஆரம்பித்தாலும், பால் குடிப்பதை முழுசாக விட 8 வாரம்போல ஆகும். இவற்றுக்குப் பாதியிலேயே மடி போய்விட்டது. ஆனாலும் கிண்ணத்தை வழித்துத் தின்றதால், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது என்றே நினைத்தேன்.

9ஆவது வாரத்தில் ஒரு ராத்திரி சப் சப் என்று சத்தம். விளக்கைப் போட்டால், கறுப்பன் வெள்ளச்சியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறான். கண் செருகிக் கிடக்கிறது. மடியில் பால் இறங்கச் செய்வதுபோல முன்னங்கால்கள் மாறி மாறிப் பிசைகின்றன. அவளும் பேசாமல் படுத்திருந்தாள். அழகாக இருக்கிறதே என்று வீடியோ வேறு எடுத்தேன்.

ஒரே வாரத்தில் அவள் வயிற்றில் கட்டைவிரல் அகலத்துக்கு முடி கொட்டி, தோல் சிவந்து, சுற்றியிருந்த முடி எச்சில் காய்ந்து முள் முள்ளாக ஒட்டியிருந்தது. அவனை அதட்டிப் பார்த்தேன், தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். பயந்து ஓடியவன் நேராக அவள் வயிற்றுக்கே போய் ஒண்டினான். ஆறுதலுக்குச் சப்புகிறவனை மிரட்டினால் வேறெங்கே போவான்? எனக்கு இது உறைக்க நாலு நாள் ஆனது.

மருத்துவர் முதலில் அவனை எடை போட்டார். வாரத்துக்கு 100 கிராம்போல ஏறியிருந்ததால், பசியில்லை என்று சொல்லிவிட்டு வெள்ளச்சியின் வாலைத் தூக்கிப் பார்த்தார். சில குட்டிகள் கூடப்பிறந்ததின் சிறுநீர்த் துவாரத்தையே சப்புமாம். அது வீங்கினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், அன்றைக்கே பிரித்தாக வேண்டும். நல்லவேளை, இங்கே வயிற்றோடு நின்றிருந்தது. கிண்ணத்தில் பசும்பால் ஊற்றட்டுமா என்று கேட்டேன். வயிற்றுப்போக்குதான் வரும் என்று முடித்துவிட்டார்.

புண் ஆறும்வரை ராத்திரியிலும், யாரும் பார்த்துக்கொள்ள முடியாத நேரத்திலும் தனித்தனி அறை. முதல் இரண்டு ராத்திரி கதவின் இருபக்கமும் ஒரே கத்தல், நான் தூங்கவேயில்லை. அப்புறம் படுக்கப்போகும் முன் குச்சி நுனியில் இறகைக் கட்டி ஓடவிட்டு, களைத்ததும் சாப்பாடு வைத்தேன். வயிறு நிறைந்து அசந்தவனிடம் பழைய கம்பளித் துண்டு ஒன்றைப் போட்டேன். மூன்றாம் நாள் அதன் மூலையைக் கவ்விக்கொண்டு பிசைய ஆரம்பித்தான்.

துணியைச் சப்பினால் பரவாயில்லை, கடித்து விழுங்கினால்தான் ஆபத்து. நூல் குடலில் மாட்டினால் குடலையே சுருக்கிக் கிழித்துவிடலாம். அறுவை சிகிச்சைவரை போகும். அதனால் காலையில் எழுந்ததும் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுவதே வேலையாகிப்போனது. கம்பளி ஓரத்தில் இழை பிரிவதைக் கண்டதும் அதை எடுத்துவிட்டு, நூல் பிரியாத மெத்தென்ற துணிக்கு மாற்றினேன். ஒரு நாள் முறைத்தான், பிறகு சரி என்று ஏற்றுக்கொண்டான்.

இப்போது 7 மாதம். வெள்ளச்சிக்கு முடி முளைத்துவிட்டது, இரண்டும் ஒன்றாகத்தான் தூங்குகின்றன. அவன் துணியைத் தேடுவது தூக்கம் வரும்போது மட்டும்தான். துவைத்துப் போட்ட அன்றைக்கு மட்டும் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, என் சட்டைக் கையைத் தேடி வருகிறான்.