நான்கு கை மாறிய லாரி

நாமக்கல்லை ஒட்டிய கனரக வாகனப் பணிமனை ஒன்றில் பிரேக் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தபோது, நிறுவனம் ஒன்று தன் லாரிகளைப் பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்த வேலை எங்களிடம் வந்தது. முன் அச்சில், காற்றின் அழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் கலமான பிரேக் சேம்பருக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஹோஸைப் பிடித்திருந்த கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதனால் ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடிக்கும்போதெல்லாம் ஹோஸ் பக்கத்து இரும்பின் விளிம்பில் உரசியது. ஹோஸை மாற்றி, கிளிப்பை இடம் மாற்றிப் பூட்டினால் போதும். பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலை.

முதல் வண்டியைக் குழியின் மேல் நிறுத்தி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். விரல் நீளத்துக்கு மேல் ரப்பர் தேய்ந்து, உள்ளே பின்னிய நூல் தெரிந்தது. டேங்கில் 8 பார் காற்று ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, ஓட்டுநரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சோப்புத் தண்ணீரைத் தடவினேன். நூலின் இடையிலிருந்து கடுகளவுக் குமிழிகள் கிளம்பின. இறங்கி வந்து பார்த்த ஓட்டுநர், "மிதிச்சா காத்து மீட்டர் முள்ளு இறங்குதுன்னு ரெண்டு மாசமா ஓனர்கிட்ட சொல்லிட்டிருக்கேன் சார்" என்றார். அந்த ஹோஸோடுதான் அவர் பாரம் ஏற்றிய வண்டியைத் தொப்பூர்க் கணவாயில் இறக்கிக்கொண்டிருந்தார். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் காற்றுப் பாதை தனித்தனி என்பது உண்மைதான். ஆனால் நீண்ட இறக்கத்தில் பின் பிரேக் டிரம்கள் சூடேறி, அவற்றில் உரசிப் பிடிக்கும் லைனரின் பிடிப்பு குறைந்திருக்கும் நேரத்தில் முன் பிரேக்கும் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழுது நீக்குவதைவிட வண்டியைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பட்டியலில் சேசிஸ் எண்ணும் முதலில் வாங்கியவரின் முகவரியும்தான் இருந்தன. வண்டிகளோ இரண்டு, மூன்று கை மாறியிருந்தன. கடிதம் பழைய உரிமையாளர் வீட்டு அலமாரியில் கிடக்க, மிதிக்கும் கால் வேறு மாவட்டத்தில் இருந்தது. கிடைத்த உரிமையாளர்களும் உடனே வரவில்லை. மாதத் தவணையைக் கணக்குப் பார்ப்பவருக்கு ஒரு நாள் நடை தவறுவது பெரிய இழப்பு. "இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று நாங்கள் சொன்னதை அவர்கள் சலுகையாக எடுத்துக்கொண்டு, அடுத்த சர்வீஸுக்கு வரும்போது பார்க்கலாம் என்றார்கள். அந்தத் தவறு எங்களுடையது. அதன்பின், தேய்ந்த ஹோஸின் படத்தை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு பேசச் சொன்னேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. பேருந்து, லாரி போன்ற பெரிய வண்டிகளில், ஆண்டு விற்பனையில் 3 விழுக்காட்டு அளவுக்குப் புகார் வந்தால் கட்டாயத் திரும்ப அழைப்புக்கு வழியுண்டு. இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். ஆனால் நெடுஞ்சாலையில் காற்று கசிந்தால் ஓட்டுநர் புகாரா எழுதிக்கொண்டிருப்பார்? அடுத்த ஊரில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, ஹோஸை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் பழுது எந்தக் கணக்கிலும் ஏறாது.

பட்டியலில் கடைசிவரை கிடைக்காத வண்டிகளுள் ஒன்றை, பல வாரங்கள் கழித்து, சங்ககிரியில் டயர் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சேசிஸ் எண்ணைப் பார்த்து அடையாளம் காட்டினார். நான்காவது உரிமையாளரிடம் இருந்தது. ஹோஸை முன்பே மாற்றியாயிற்று, இனிக் கவலையில்லை என்றார் அவர். படுத்து உள்ளே போய்ப் பார்த்தேன். ஹோஸ் புதியதுதான். கிளிப் பழைய இடத்திலேயே இருந்தது. புது ரப்பரிலும் அதே இடத்தில் உரசிய பளபளப்பு விழத் தொடங்கியிருந்தது.