நீங்க எங்கே படுப்பீங்க?

எங்கள் ஏற்காட்டு வீட்டை, விருந்தினர் காசு கொடுத்துத் தங்கும் ஹோம்ஸ்டேவாகப் பதிவு செய்யக் கேட்டிருந்தேன். அறைகளை எண்ணி முடித்துவிட்டு, பார்வையிட வந்தவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். "நாலு ரூமும் கெஸ்ட்டுக்குன்னா, நீங்க எங்கேம்மா படுப்பீங்க?"

நான் கொஞ்சமும் யோசிக்காமல் "சேலத்துல" என்றேன். சூரமங்கலத்தில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது, ஏற்காட்டுக் குளிர் என் மூட்டுக்கு ஆகாது, வாட்ச்மேன் ஒருத்தர் இருப்பார் என்று வேறு அடுக்கினேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். தபால் ஆபீஸ் கவுண்டரில் 31 வருஷம் உட்கார்ந்தவள் நான். ஒருவர் பேனாவை மூடினால் அன்றைக்கு அந்த வேலை நடக்காது என்பது எனக்குத் தெரியும்.

நாகலூர் போகும் ரோட்டில் இருக்கும் எங்கள் வீடு அப்பா கட்டியது. ஓட்டு வீடு. பின்னால் அரை ஏக்கர் காப்பி, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி, காய்க்க மறந்துபோன இரண்டு ஆரஞ்சு மரம். அப்பா போன பிறகு பூட்டியே கிடந்தது. மச்சில் மரநாய் குடும்பம் நடத்தியது. அண்ணன் மகன்தான் ஆரம்பித்து வைத்தான். "அத்தை, ஆப்ல போட்டுவிடு. சாவியை நம்பர் லாக் பெட்டியில வெச்சுட்டா போதும். நீ மேல போகவே வேண்டாம். பணம் அக்கவுண்ட்ல விழும்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நாலு கட்டில் வாங்கிப் போட்டு, அப்புறம்தான் விதி என்ன என்று பார்க்க உட்கார்ந்தேன். எந்த வேலையையும் இந்த வரிசையில்தான் நாங்கள் செய்வோம்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட், ஹோம்ஸ்டே திட்டத்தில் கணக்கு ரொம்ப எளிது. ஒன்றிலிருந்து ஆறு அறை வரை, மொத்தம் 12 படுக்கைக்குள். தகுதியைப் பார்த்துக் கோல்டு அல்லது சில்வர் என்று தரம் கொடுப்பார்கள். இதெல்லாம் எனக்குச் சரியாகவே வந்தது. இடித்தது ஒரே வரிதான்: வீட்டு உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். அந்த வரியை நான் படிக்காமல் இல்லை. 'குடியிருக்க வேண்டும்' என்றால் பட்டா நம் பேரில் இருந்தால் போதும் என்று எனக்கு வசதியாக அர்த்தம் செய்துகொண்டேன்.

அண்ணன் மகனிடம் சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் அத்தை பண்றாங்க" என்றான். கொடைக்கானலிலும் எல்லாரும் அப்படித்தான் பண்ணினார்கள். அங்கே 2019-ல் ஹைகோர்ட் உத்தரவில் வரிசையாகக் கட்டடங்களுக்குச் சீல் வைத்த செய்தியை நான் பேப்பரில் படித்திருக்கிறேன். குடியிருக்க அனுமதி வாங்கிவிட்டு லாட்ஜ் நடத்தினால் அது வேறு கட்டடம் ஆகிவிடும். மலையில் இதற்குக் கண் அதிகம்.

அந்தக் கண் எவ்வளவு கூர்மை என்பது பாத்ரூம் விஷயத்தில் தெரிந்தது. நாலு அறைக்கு ஒரே ஒரு பாத்ரூம், அதுவும் வீட்டுக்கு வெளியே. பின்பக்க மேட்டைக் கொஞ்சம் வெட்டி இரண்டு பாத்ரூமும், மாடியில் கண்ணாடி போட்ட ஒரு அறையும் கட்டலாம் என்று சேலத்திலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போனேன். அவர் சரிவைப் பார்த்தார், சில்வர் ஓக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, இது சேலம்னு நெனச்சீங்களா?"

ஏற்காட்டு மலைக் கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகின்றன. இங்கே யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, 'ஹாகா' என்றால் ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரியும். பஞ்சாயத்தில் ஒரு கையெழுத்து வாங்கிக் கட்டிவிட முடியாது. சரிவை வெட்டுவது, மண்ணை அள்ளுவது, மரத்தில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மேலே கேட்க வேண்டும். மலை மரங்களுக்கென்றே 1955-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. நம் தோட்டம், நாம் வைத்த மரம் என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்து கிடப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவளுக்கு அந்த எரிச்சல் ரொம்ப நாள் நிற்கவில்லை. மாடி அறைக் கனவை விட்டேன். மூட்டை மூட்டையாகக் காப்பி அடுக்கிய ஸ்டோர் ரூமை இரண்டாகத் தடுத்துப் பாத்ரூம் ஆக்கினோம். இன்னமும் ஈர நாளில் அங்கே காப்பிக்கொட்டை வாசம் வரும். வருகிறவர்கள் அதைச் சோப்பு வாசம் என்று நினைத்துப் பாராட்டுகிறார்கள்.

பஞ்சாயத்து ஆபீஸில் வீட்டு வரி ரசீதோடு போனேன். அங்கிருந்த தம்பி நல்ல மாதிரி. "அக்கா, குடியிருப்பா, வணிகமா? ஒண்ணைச் சொல்லுங்க" என்றார். இரண்டும் என்றேன். "அப்ப முதல்ல குடி வாங்க" என்று சிரித்தார். அவரும் அதையேதான் கேட்கிறார்!

ஆகவே குடி வந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் பேசவில்லை. ரிட்டயர் ஆன மனுஷனைச் சேலத்து டீக்கடை பெஞ்சிலிருந்து பிடுங்கி மலையில் நட்டால் வேறென்ன செய்வார்? அறைகளில் இரண்டை விருந்தினருக்கு விட்டோம். முன்னறை எங்களுக்கு. நாலாவது அறை அப்பாவின் ரேடியோவும் எங்கள் பழைய சாமான்களும் இருக்கும் அறை. அதைக் காலி செய்தால் மாதம் இவ்வளவு கூட வரும் என்று அண்ணன் மகன் இன்னும் கணக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

மற்ற காகிதங்கள் அவ்வளவு பயமில்லை. காலையில் இட்லியோ உப்புமாவோ போடுவதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். நான் எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய்தான், ஆன்லைனில் முடிந்தது. ஜிஎஸ்டி பற்றிப் பலர் பயமுறுத்தினார்கள். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் நாம் பதிவு எடுக்க வேண்டியதில்லை. ஆப் வழியாக வரும் புக்கிங்குக்கு அந்த ஆப்காரர்களே வரியைக் கட்டிவிடுகிறார்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. என் அறை வாடகையோடு 20 லட்சத்தை நினைத்துப் பார்த்து நானும் அவரும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சிரித்தோம். ஆனால் ஜிஎஸ்டி இல்லை என்பதற்காக வருமான வரி இல்லை என்று ஆகிவிடாது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ரிஜிஸ்டர் நோட்டுதான் எனக்குப் பிடித்த பகுதி. நீளமான அக்கவுண்ட் நோட்டு வாங்கி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பெயர், வயது, ஊர், எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார், வண்டி நம்பர், கையெழுத்து. அடையாள அட்டை நகல் தனி ஃபைலில். போலீஸ் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். ஒருவரும் விடாமல் எழுத வேண்டும் என்பதில் நான் கறார். சின்னப் பிள்ளைகளையும் எழுதுவேன். அவர்களுக்குக் கையெழுத்துப் போடுவதில் ஒரே சந்தோஷம்.

போன வருஷம் ஜூலையில் வயசான ஒரு அம்மாவும் அவர் மகளும் வந்தார்கள். மகள் மதுரையிலிருந்து டாக்ஸி பிடித்துத் தமிழிலேயே போனில் பேசி புக் செய்திருந்தார். வாசலில் இறங்கியதும் அந்த அம்மா "தேத்தண்ணி கிடைக்குமோ பிள்ளை" என்றார். யாழ்ப்பாணத் தமிழ். நான் அப்படியே உருகிப்போய் டீ போட்டு, முறுக்கு வைத்து, மிளகுக்கொடியைக் காட்டி, இரண்டு மணி நேரம் கதை பேசினேன். நோட்டு மறந்தே போயிற்று. ராத்திரி எட்டு மணிக்கு ஆதார் கேட்டேன்.

"ஆதார் எங்களிட்ட இல்லை. பாஸ்போட்தான் கிடக்கு."

பிரிட்டிஷ் பாஸ்போர்ட். எனக்கு அடிவயிறு குளிர்ந்தது. வெளிநாட்டவர் தங்கினால், அவர் விவரத்தை அரசுக்குச் சொல்லும் 'சி ஃபாரம்' என்ற படிவத்தை 24 மணி நேரத்துக்குள் அப்போது ஆன்லைனில் ஏற்ற வேண்டியிருந்தது. பெரிய ஹோட்டலுக்கு மட்டுமில்லை, ஒரு அறை வாடகைக்கு விடும் வீட்டுக்கும் அது உண்டு. அதற்கான லாகினை நான் முன்னாலேயே வாங்கி வைத்திருந்தது அன்றைக்குச் செய்த புண்ணியம். ஆனால் மழை பிடித்திருந்தது, வீட்டுக்குள் சிக்னல் இல்லை. எங்கள் வீட்டில் நெட் வரும் இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று. குடையை வீட்டுக்காரர் பிடிக்க, நான் போனில் தட்ட, மகள் பாஸ்போர்ட்டை டார்ச் அடித்துப் படித்தார். பாஸ்போர்ட் எண். விசா எண். இந்தியாவில் இறங்கிய தேதி. சொந்த நாட்டு முகவரி. லண்டன் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னார். போட்டோ ஏற்றுவதற்குள் இரண்டு முறை அறுந்துவிட்டது. முடிய ஒன்பதே முக்கால் ஆனது. அவர் குடையை என் தலைக்குப் பிடித்தாரா, போனுக்குப் பிடித்தாரா என்று கேட்டால் போனுக்குத்தான்.

உள்ளே வந்தபோது அந்த அம்மா என் நோட்டைத் திறந்து கண்ணாடி போட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஊர் என்ற கட்டத்தில் லண்டன் இல்லை. யாழ்ப்பாணப் பக்கத்து ஊரான 'கரவெட்டி' என்று உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தார். நான் திருத்தச் சொல்லவில்லை. கவர்ன்மென்டுக்குப் போனது லண்டன், என் நோட்டில் இருப்பது கரவெட்டி.

(அந்த ஃபாரத்துக்கு அடிப்படையாக இருந்த 1946-ஆம் வருஷத்துச் சட்டம் போய், 2025 செப்டம்பரிலிருந்து புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. தகவல் கொடுக்கும் கடமை போகவில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதல் வெளிநாட்டு விருந்தாளி வரும் வரை காத்திருக்காமல் லாகின் வாங்கி வையுங்கள்.)

போனில் கேட்பவர்களில் பாதிப் பேர் "ஈ-பாஸ் வேணுமா மேடம்?" என்கிறார்கள். அது 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது, ஏற்காட்டுக்கு இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவந்தால் போதும். மீதிப் பாதி "கேம்ப் ஃபயர் உண்டா, சரக்கு அடிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். உரிமம் இல்லாமல் சரக்கு பரிமாறினால் நான் மதுவிலக்குச் சட்டத்தில் உள்ளே போவேன் என்று நேராகவே சொல்லிவிடுவேன். பாதி பேர் அதோடு வைத்துவிடுவார்கள். நல்லது.

அப்படிக் கேட்காமல் வந்தவர்கள் ஐந்து பையன்கள். தங்கமான பிள்ளைகள் மாதிரி நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். ராத்திரி பத்தே காலுக்கு டிக்கியைத் திறந்து ஸ்பீக்கரை வெளியே வைத்தார்கள். அடுத்த தோட்டத்துப் பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. "ஏம்மா, மாடு மிரளுது" என்றார், அவ்வளவுதான். அதற்கு முந்தின வாரம்தான் காட்டெருமை ஒன்று அவர் வேலியைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. யாரோ தோட்டத்து ஓரம் எறிந்த சாப்பாட்டுப் பொட்டலம்தான் காரணம் என்பது அவர் கட்சி. எங்கள் விருந்தாளியாக இருக்குமோ என்று எனக்கும் உள்ளூரச் சந்தேகம்.

நான் நைட்டிக்கு மேல் சால்வையைப் போட்டுக்கொண்டு போனேன். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது ஏற்காட்டு விதிகூட இல்லை, நாடு முழுக்க உள்ள விதி. அதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கார அம்மா வெளியே வந்து நிற்பதைப் பார்த்ததும் ஒருத்தன் தானாகவே அணைத்தான். "ஸாரிம்மா, யாரும் இல்லேன்னு நெனச்சோம்" என்றான். நம்பர் லாக் பெட்டி மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பெரியவர் யாரிடம் வந்து சொல்லியிருப்பார் என்று படுக்கும்போது யோசித்தேன். எனக்குத் தூக்கம் போனது, அவர் மாடு தூங்கியது.

இரண்டாவது முறை பார்வையிட வந்தவர் முன்னறைக்குள் எட்டிப்பார்த்தார். கட்டில், மேலே என் வீட்டுக்காரரின் லுங்கி, ஜன்னலோரம் மூட்டுவலித் தைலம். "சரிம்மா" என்று பேனாவைத் திறந்தார்.

ஒரே ஒரு விதி நாங்களாகப் போட்டது. புதன்கிழமை புக்கிங் கிடையாது. அன்றைக்கு வீட்டுக்காரர் காலை பஸ்ஸில் சேலம் இறங்கிவிடுவார். டீக்கடை பெஞ்ச், ரேஷன், மருந்துக்கடை எல்லாம் முடித்து, கடைசி பஸ்ஸில் எனக்குத் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு ஏறுவார். சட்னி இரண்டையும் பீட்ரூட் துருவலையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். சேர்த்துக் கட்டினால் இருபதாவது வளைவுக்குள் வடை ஊறிவிடும்.