நோட்டில் இல்லாத கட்டம்

வியாசர்பாடியில் இருக்கும் என் பெரியம்மாவிடம் அட்டை பிய்ந்த நோட்டு ஒன்று உண்டு; தெருமுனை மருத்துவமனையில் மாதந்தோறும் பார்க்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எட்டு ஆண்டுகளாகத் தேதி வாரியாக அதில் ஏறியிருக்கின்றன. சென்ற ஆண்டு, தூக்கமில்லை, உடம்பெல்லாம் அசதி, எதிலும் பிடிப்பில்லை என்று அவர் சொன்னபோது, மருத்துவர் அதை மனச்சோர்வு என்று சரியாகவே கண்டுகொண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் அன்றும் நோட்டில் ஏறியது சர்க்கரை அளவு மட்டுமே.

பத்தாம் நாள், "வயித்தைப் பெரட்டுது, மனசுக்கும் ஒண்ணும் தெரியல" என்று பெரியம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். இவ்வகை மருந்து பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களாவது ஆகும், குமட்டல் பெரும்பாலும் அதற்கு முன்பே அடங்கிவிடும், தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பதையெல்லாம் அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த மாதம் போனபோது யாரும் கேட்கவுமில்லை. வெளியே டோக்கனோடு நாற்பது பேர் காத்திருக்கும்போது மருத்துவரை மட்டும் நொந்து பயனில்லை.

ஆகவே கேட்கும் வேலையை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்டு, மனச்சோர்வின் அளவுக்கு 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும் பி.ஹெச்.க்யூ-9 படிவம் தமிழிலும் இருக்கிறது. பயிற்சி பெற்ற செவிலியர் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். 10-ஐத் தொட்டால் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். சாக வேண்டும் என்ற நினைப்பைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' என்றால், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அன்றே கவனித்தாக வேண்டும். (கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்பது வீண் பயம்.)

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கோவாவில், மனச்சோர்வு போன்ற சிக்கல் உள்ளவர்களைக் கவனிக்க, மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து நடத்திய மானஸ் ஆய்வின் முடிவு 2010-இல் வெளியானது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் தேறியவர்களின் எண்ணிக்கை கூடியது. தனியார் மருத்துவர்களிடம் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம்மூரில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டுவரும் பெண்ணே தூக்கத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை கேட்கலாம்.

போன மாதம் பெரியம்மாவின் நோட்டில் நானே கோடு போட்டு, படிவத்தின் மதிப்பெண்ணை எழுதி அனுப்பினேன். மருத்துவர் அந்த 16-ஐப் பார்த்துவிட்டு, "மாத்திரையை எப்பம்மா நிறுத்துனீங்க?" என்று முதன்முறையாகக் கேட்டாராம்.